பாலியல் துன்புறுத்தல் தடுப்புப் பயிற்சி: கண்ணைத் திறக்கிறதா, வாயை அடைக்கிறதா?

வாசகர் கேள்வி, 8 பிப்ரவரி 2025

கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். நேற்று எங்களுக்குப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புப் பயிற்சி நடந்தது. ஒன்றரை மணி நேரம் திரையில் படம் காட்டினார்கள், கடைசியில் பத்துக் கேள்விகள் கேட்டார்கள். எல்லோரும் பத்துக்குப் பத்து. தேநீர் வேளையில் எங்கள் குழுத் தலைவர், "இனிமேல் பெண்களிடம் தனியாகப் பேசவே போவதில்லை, எதற்கு வம்பு" என்றார். அவர் எந்தப் பெண்ணிடமும் முறைதவறி நடந்தவர் அல்ல. அதுவரை இருந்த இயல்பான சூழலும் கெட்டுவிட்டது. இந்தப் பயிற்சிகளால் நன்மையைவிடக் கெடுதலே அதிகம் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

8 பிப்ரவரி, இரவு

பாதி மறுக்கிறேன். 2015 முதல் திருப்பூர், கோவை வட்டாரத்துப் பனியன் கம்பெனிகளிலும் மில்களிலும் உள்ளகப் புகார்க் குழுவின் வெளி உறுப்பினராக இருக்கிறேன். வேலையிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் அந்தக் குழு இருக்க வேண்டும். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். வெளியாள் ஒருவர் வேண்டும். அந்த வெளியாள்தான் நான். பயிற்சி கொடுக்கிற வேலையும் பெரும்பாலும் என் தலையில்தான் விழும்.

உங்கள் குழுத் தலைவர் சொன்னதை நூறு வாயில் கேட்டிருக்கிறேன். அவர் பயிற்சியில் எதையும் கற்கவில்லை என்று நினைக்காதீர்கள். "இங்கே ஆண் என்றால் குற்றவாளி நாற்காலியில் உட்கார வேண்டியவன்" என்று கற்றுக்கொண்டிருக்கிறார். அந்த நாற்காலியைக் காட்டியது நாங்கள். "இதைச் செய்யாதே, அதைச் செய்யாதே, செய்தால் வேலை போகும்" என்று ஒன்றரை மணி நேரம் படித்துக்காட்டினால், யோக்கியமானவனும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பான். பக்கத்து மேசையில் ஒரு பெண் சங்கடப்படுவது அவன் கண்ணில் படாது.

அமெரிக்காவில் 2001இல் வெளிவந்த ஓர் ஆய்வு உண்டு. பல்கலைக்கழக ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டுப் பார்த்தார்கள். பயிற்சி பெற்ற ஆண்கள் கட்டாயப்படுத்தும் நடத்தையைத் துன்புறுத்தலாகப் பார்ப்பது குறைந்திருந்தது. பாதிக்கப்பட்டவர்மீதே பழி போடுவது கூடியிருந்தது. முதல்முறை இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

9 பிப்ரவரி, காலை

ஒன்று விட்டுப்போனது. உங்கள் குழுத் தலைவர் ஆண்களிடம் மட்டும் தனியாகப் பேசுவார் என்றால், அடுத்த திட்டம் யாருக்கு, வெளிநாட்டுப் பயணம் யாருக்கு என்ற பேச்செல்லாம் ஆண்களோடு மட்டும்தான் நடக்கும். அவர் "வம்பு" என்று ஒதுங்கியதற்கான விலையைப் பெண்கள் கட்டுவார்கள். அதை அவரிடம் சொல்லிப் பார்த்தீர்களா?

11 பிப்ரவரி

ஒரு திருத்தம். 2001 ஆய்வைப் பற்றி நான் எழுதியது ஒரு பக்கம்தான். அதே பயிற்சிக்குப் பிறகு, ஆண் பெண் எல்லோருக்கும் விஷய அறிவு கூடியிருந்தது. வேலையிடத்தில் பாலியல் பேச்சும் நடத்தையும் தகாதவை என்று சொன்னவர்களும் கூடியிருந்தார்கள். அறிவு ஏறியது, சிலருடைய பார்வை மட்டும் பின்னால் போனது. உங்கள் அலுவலகத்தில் எல்லோரும் பத்துக்குப் பத்து வாங்கியதும் தேநீர் வேளைப் பேச்சும் ஒரே நாளில் நடந்ததில் எனக்கு வியப்பில்லை.

டாபின், காலெவ் என்ற இரு சமூகவியலாளர்கள் எண்ணூறுக்கும் மேற்பட்ட அமெரிக்க நிறுவனங்களின் முப்பது ஆண்டுத் தகவல்களைப் பார்த்து 2019இல் எழுதினார்கள். ஊழியர்களுக்குத் "தடை செய்யப்பட்ட செயல்கள்" பட்டியலைச் சொல்லித்தந்த நிறுவனங்களில், பின்னாளில் மேலாளர் பதவியில் இருந்த வெள்ளை இனப் பெண்களின் எண்ணிக்கை குறைந்தது. "உன் கீழே இருப்பவர்களுக்கு இது நடந்தால் எப்படிக் கவனிப்பாய், என்ன செய்வாய்" என்று மேலாளர்களுக்குச் சொல்லித்தந்த இடங்களில் பெண் மேலாளர்களின் எண்ணிக்கை கூடியது. முதலாவதில் மேலாளரைச் சந்தேகத்துக்குரியவராக உட்கார வைக்கிறோம், இரண்டாவதில் பொறுப்பாளராக உட்கார வைக்கிறோம். நான் பாதி மறுத்ததற்கு இதுதான் காரணம்.

15 பிப்ரவரி, இரவு

"பெண்களுக்குத் தெரியாததையா பயிற்சியில் சொல்லிவிடப் போகிறார்கள்" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. இதற்கு நீளமாக எழுத வேண்டும்.

2016இல் ஒரு பனியன் கம்பெனியின் பேக்கிங் கூடம். அட்டைப் பெட்டிகளை ஓரமாக அடுக்கிவிட்டுத் தரையில் எண்பது பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். "உங்களில் யாருக்காவது பாலியல் துன்புறுத்தல் நடந்திருக்கிறதா?" என்று கேட்டேன். ஒரு கைகூட உயரவில்லை. முன்வரிசையில் இருந்த அக்கா ஒருவர் என்னைக் கோபமாகவே பார்த்தார். "அந்த அளவுக்கெல்லாம் இங்கே ஒன்றும் இல்லை மேடம்."

அந்த அளவு. அந்தச் சொல்லின் அளவைத்தான் நான் கவனிக்காமல் இருந்தேன். செய்தித்தாளில் "பாலியல்" என்று தொடங்கும் சொல் எந்தச் செய்தியில் வரும் என்று அவர்களுக்குத் தெரியும். அதற்குக் கை தூக்கினால் ஊரில் என்ன பெயர் வரும் என்றும் தெரியும். அவர்கள் புழங்கும் சொற்கள் வேறு: தொந்தரவு, சீண்டல், உரசல், "அவன் பார்வை சரியில்லை".

கேள்வியை மாற்றினேன். "மிஷினில் உட்கார்ந்திருக்கும்போது யாராவது பின்னால் வந்து, தையல் காட்டுகிறேன் என்று உங்கள் கைமேல் கை வைத்துக் குனிந்தால் என்ன செய்வீர்கள்?" கூடம் கலகலத்துவிட்டது. ஓவர்லாக் அடிக்கும் பெண் ஒருத்தி சொன்னாள்: "நூல் அறுந்துவிட்டது என்று சத்தம் போடுவோம் மேடம்." நூல் அறுந்தால் கத்த வேண்டிய தேவையே இல்லை, அவளே கோத்துக்கொள்வாள். கத்தினால் அதற்கு வேறு பொருள். பக்கத்து மிஷின்காரி எழுந்து வருவாள், பீஸ் எடுத்துக் கைமடிக்கும் பெண் நடுவில் நுழைவாள், சூப்பர்வைசர் நகர்ந்துவிடுவார். அந்த லைனில் புதிதாகச் சேரும் பெண்ணுக்கு முதல் வாரத்திலேயே இதைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்களாம்.

அமெரிக்காவின் சம வேலைவாய்ப்பு ஆணையம் 2016இல் வெளியிட்ட அறிக்கை, முப்பது ஆண்டுகளாக நடந்த பயிற்சிகளில் பெரும்பகுதி துன்புறுத்தலைத் தடுக்க உதவவில்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. பக்கத்தில் இருப்பவர் தலையிடக் கற்றுத்தரும் பயிற்சியைச் சோதித்துப் பார்க்கலாம் என்றது. அதே 2016இல், யாரும் கற்றுத்தராமலே, பல்லடம் சாலையில் ஓவர்லாக் மிஷின்களுக்கு நடுவே அது நடந்துகொண்டிருந்தது. அந்தப் பெண்கள் கண்டும் காணாமல் இருந்தவர்கள் அல்ல. தாங்கள் கண்டதைச் சட்டமும் காண்கிறது என்பதுதான் அவர்களுக்குத் தெரியாமல் இருந்தது.

16 பிப்ரவரி

நேற்று எழுதியதை மறுபடி படித்தபோது இன்னொரு சொல் உறுத்தியது.

சட்டத்தின் வரையறையில் ஐந்து வகை நடத்தைகள் வருகின்றன: உடல் தொடுகை, பாலியல் இணக்கம் கேட்பது, பாலியல் பேச்சு, ஆபாசப் படம் காட்டுவது, இவை போன்ற பிற செயல்கள். ஐந்துக்கும் முன்னால் ஓர் அடைமொழி உண்டு. பல நிறுவனங்களின் பலகைகளில் அது "விரும்பத்தகாத" என்று எழுதப்பட்டிருக்கிறது. என் கையேட்டிலும் அப்படித்தான், இத்தனை ஆண்டுகளாக.

விரும்பத்தகாத சம்பவம் என்றால் தமிழில் என்ன பொருள்? நாலு பேர் கூடி "இது தகாது" என்று சொல்வது. ஊர் தீர்மானிப்பது. சட்டம் கேட்பது ஊரை அல்ல. அந்தப் பெண் அதை விரும்பினாளா என்று கேட்கிறது. "விரும்பத்தகாத" என்று படிக்கிற சூப்பர்வைசர், "தோளில் தட்டுவதில் என்ன தகாது, எங்கள் வீட்டில் எல்லாரும் தட்டுவோம்" என்கிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, பலகை அவருக்கு இடம் கொடுக்கிறது.

போன மாதம் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் இதைத்தான் சொன்னது. வேலையை மேற்பார்க்கத்தான் பெண்களின் இருக்கைக்குப் பின்னால் நின்றேன் என்பது அந்த அதிகாரியின் விளக்கம். செய்தவரின் நோக்கத்தைவிட, அந்தச் செயலை எதிர்கொண்ட பெண் அதை எப்படி உணர்ந்தாள் என்பதே முதன்மை என்று நீதிமன்றம் சொன்னது. தொடுகை நடந்தே ஆக வேண்டும் என்பதில்லை என்று 1999இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

23 பிப்ரவரி, பின்னிரவு

இதை எழுதலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். எழுதாவிட்டால் மேலே எழுதியதெல்லாம் பாதி உண்மையாகிவிடும்.

2017, 2018இல் என் பயிற்சிகளில் பதினைந்து நிமிடம் சட்டத்தின் பிரிவு 14க்குப் போகும். பொய்ப் புகார். நிர்வாகங்கள் விரும்பிக் கேட்ட பகுதி அது; "அதையும் கொஞ்சம் அழுத்திச் சொல்லுங்கள் மேடம்" என்பார்கள். நானும் அழுத்திச் சொன்னேன். தீய நோக்கத்தோடு பொய்ப் புகார் கொடுத்தால் நடவடிக்கை உண்டு என்று பெரிய எழுத்தில் காட்டினேன். புகாரை நிரூபிக்க முடியாமல் போவதாலேயே அது பொய்ப் புகார் ஆகிவிடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. அதைக் கடைசியில், ஒரே வரியில், மணியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

2019இல் செக்கிங் பிரிவில் இருந்த ஒரு பெண்ணைப் பஸ் நிறுத்தத்தில் சந்தித்தேன். வேலையை விட்டிருந்தாள். ஏன் என்று கேட்டேன். ஸ்டோர் அறையில் நடந்ததைச் சொன்னாள். புகார் கொடுத்திருக்கலாமே என்று வாயில் வந்துவிட்டது. அவள் கோபப்படவில்லை. "சாட்சி இல்லையே மேடம். நிரூபிக்காவிட்டால் என்மேல்தான் நடவடிக்கை என்று நீங்கள்தானே சொன்னீர்கள்."

அவள் அப்படிப் புரிந்துகொண்டதில் தவறே இல்லை. பதினைந்து நிமிடம் ஒன்றைச் சொல்லி, பத்து நொடி இன்னொன்றைச் சொன்னால் எது மனத்தில் நிற்கும்? என் பயிற்சி ஒரு பெண்ணின் பார்வையை மாற்றியது. தனக்கு நடந்ததைத் துன்புறுத்தலாகப் பார்த்தவள், தான் மாட்டிக்கொள்ளக்கூடிய வழக்காகப் பார்த்துவிட்டாள். அதற்குள் புகார் கொடுக்கும் காலமும் கடந்திருந்தது.

இப்போது அந்த ஒரு வரியில்தான் பிரிவு 14ஐத் தொடங்குகிறேன். அவளுக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தெரியும்.

24 பிப்ரவரி

"காலம் எவ்வளவு" என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். கடைசிச் சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் வரை நீட்டிக்கலாம். எழுதத் தெரியாதவருக்கு எழுத உதவுவது குழுவின் கடமை. விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவான இடம் என்றாலும், முதலாளிமீதே புகார் என்றாலும் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். வீட்டு வேலை செய்பவர்களும் போகலாம்.

9 மார்ச்

சிரிக்கவும் ஒன்று எழுதுகிறேன். நேற்று மகளிர் தினம் என்பதால் ஒரு கம்பெனியில் கூப்பிட்டிருந்தார்கள். திரையைச் சுருட்டி வைத்துவிட்டு, "ஒரு சூப்பர்வைசர் லைனில் எப்படி வருவார், நடித்துக் காட்டுங்கள்" என்றேன். ஐம்பத்தைந்து வயதிருக்கும், பிசிர் வெட்டும் அக்கா ஒருவர் எழுந்தார். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். தொண்டையைச் செருமினார். ஒரு பெண்ணின் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, கழுத்தை நீட்டி, அவள் தைக்கும் துணியைப் பார்ப்பது போல வேறெங்கோ பார்த்தார். பிறகு, "என்னம்மா, டார்கெட் வருமா?" என்றார்.

அரை நிமிடம் கூடம் வெடித்துச் சிரித்தது. பின்வரிசையில் ஆறு சூப்பர்வைசர்கள் இருந்தார்கள். ஐந்து பேர் சிரித்துக்கொண்டே ஆறாமவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

எல்லோரும் போனபின் அவர் என்னிடம் வந்தார். "மேடம், நான் அப்படியா நிற்கிறேன்?"

பத்து ஆண்டில் ஓர் ஆண் பயிற்சி முடிந்து என்னிடம் கேட்ட கேள்விகளில் இதற்கு இணையாக ஒன்றும் நினைவில் இல்லை. மற்றவர்கள் எல்லாம் "இப்படிச் செய்தால் தவறா, அப்படிச் செய்தால் தவறா" என்றுதான் கேட்டிருக்கிறார்கள்.

10 மார்ச்

நேற்றைய குறிப்பைப் படித்த வாசகர் ஒருவர், "அந்த மனிதரை எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்திவிட்டீர்களே" என்கிறார். இரவு முழுக்க நானும் அதையே நினைத்தேன். அவர் பெயரை யாரும் சொல்லவில்லை, ஆனாலும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அடுத்த முறை சூப்பர்வைசர்களைத் தனியாக உட்கார வைத்து, அவர்களையே டெய்லர் நாற்காலியில் உட்காரச் சொல்லி, பின்னால் ஒருவரை நிற்க வைத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

ஆண்களுக்கு நடந்தால் என்ன என்று கேட்டவருக்கு: இந்தச் சட்டத்தில் புகார்தாரர் பெண்தான். உயர்கல்வி நிறுவனங்களுக்கான 2015ஆம் ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழு விதிமுறைகள் எல்லாப் பாலினத்தவரையும் கருதுகின்றன. வேலையிடச் சட்டமும் அந்தப் பக்கம் வர வேண்டும் என்பது என் விருப்பம்.

30 மார்ச்

"இதெல்லாம் பெரிய கம்பெனிகளின் குளிரூட்டிய அறைச் சமாச்சாரம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இந்தச் சட்டத்தின் வேர் எங்கே என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நான் பார்த்த பயிற்சிப் படங்களிலும் அது இருந்ததில்லை.

ராஜஸ்தானில் பட்டேரி என்ற கிராமம். பன்வாரி தேவி, குயவர் குலத்துப் பெண். மாநில அரசின் பெண்கள் வளர்ச்சித் திட்டத்தில் கிராம அளவிலான ஊழியர். குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனதற்காக 1992இல் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். 1995இல் விசாரணை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை வன்கொடுமைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போனதில் பிறந்ததுதான் 1997 ஆகஸ்ட் 13இல் வந்த விசாகா தீர்ப்பு. வேலையிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க அந்தத் தீர்ப்பு வகுத்த நெறிமுறைகள் சட்டமாக மேலும் 16 ஆண்டுகள் ஆயின.

அவருடைய வேலையிடம் ஒரு கிராமத்துத் தெரு. இந்தக் கதையைச் சொல்லும்போது மில் பெண்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். சட்டப் பிரிவுகளைச் சொல்லும்போது நான் அதைப் பார்த்ததில்லை.

12 ஏப்ரல்

பயிற்சியை யார் கொடுக்கிறார்கள் என்பதும் பார்வையை மாற்றுகிறது. திண்டுக்கல்லில் 2021 ஜனவரியில் ஆயத்த ஆடை ஆலைத் தொழிலாளியான ஓர் இளம்பெண் கொலையானார். அதன் பிறகு 2022 ஏப்ரலில், துன்புறுத்தலைத் தடுக்க ஓர் ஒப்பந்தம் வந்தது. பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன், இரண்டு சர்வதேசத் தொழிலாளர் அமைப்புகள், ஓர் ஏற்றுமதி நிறுவனம், எச் அண்ட் எம் என்ற பன்னாட்டு ஆடை நிறுவனம் ஆகியவை கையெழுத்திட்டன. தொழிலாளர்களிலிருந்தே தளக் கண்காணிப்பாளர்களைத் தேர்ந்து, தொழிற்சங்கம் பயிற்சி கொடுத்து, லைனிலேயே நிறுத்தினார்கள்.

என்னைப் போல மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து போகிறவளிடம் சொல்ல முடியாததைப் பக்கத்து மிஷின்காரியிடம் சொல்ல முடியும். 2016இல் நான் கேட்ட "நூல் அறுந்துவிட்டது" என்ற குரலுக்கு அங்கே ஒரு பதவியும், அதைக் காக்க ஓர் ஒப்பந்தமும் கிடைத்திருக்கின்றன என்று எடுத்துக்கொள்கிறேன். மற்ற கம்பெனிகளிலும் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். "பார்க்கலாம் மேடம்" என்கிறார்கள்.

20 ஏப்ரல்

மார்ச் 9 குறிப்பில் எழுதிய சூப்பர்வைசரைப் பற்றி. அந்தக் கம்பெனிக்குப் போயிருந்தேன். அவர் இப்போது மிஷினுக்குப் பின்னால் நிற்பதில்லை, எதிரே வந்து நின்று பேசுகிறார். எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

மதியச் சாப்பாட்டின்போது பிசிர் வெட்டும் அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "எதிரேதான் நிற்கிறார் மேடம். ஆனால் பாத்ரூம் டோக்கன் கேட்டால் எனக்கு மட்டும் அரை மணி நேரம் ஆகிறது."

சூப்பர்வைசரின் உடம்பு நிற்கும் இடம் மாறியிருக்கிறது. பாத்ரூம் போகத் தேவையான டோக்கன் அவர் கையிலேயே இருக்கிறது. டெல்லிக் கல்லூரிகளில் ஆண் மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்து ஆராய்ந்தபோதும், அவர்கள் மனநிலை பெரிதாக மாறவில்லை, மற்றவர்கள் தவறாக நினைப்பார்கள் என்ற எண்ணம் கூடியதால் துன்புறுத்தல் குறைந்தது என்று கண்டார்கள். அதைப் படித்தபோது அதுவே போதும் என்று நினைத்தேன். அக்காவின் சாப்பாட்டு டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது போதாது என்று பட்டது. அவர் காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை.

டோக்கன் பலகையை லைனின் நடுவில், எல்லோர் கைக்கும் எட்டும்படி மாட்டச் சொல்லி நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

27 ஏப்ரல்

மாட்டிவிட்டார்கள். அக்காவே அழைத்துச் சொன்னார்.

4 மே

புதுக் கையேடு அச்சுக்குப் போயிருக்கிறது. பிரிவு 14ஐ மாற்றி எழுதினேன். "துன்புறுத்தல்" வரும் முதல் இடத்தில் தொந்தரவு, சீண்டல், உரசல் என்ற சொற்களையும் சேர்த்தேன். ஐந்து வகை நடத்தைகளுக்கும் முன்னால் "அவள் விரும்பாத" என்று போட்டேன்.

அச்சகத்திலிருந்து மதியம் அழைத்தார்கள். மெய்ப்பு பார்க்கிற பெரியவர். "அம்மா, விரும்பத்தகாத என்று வர வேண்டிய இடத்திலெல்லாம் 'அவள் விரும்பாத' என்று விழுந்திருக்கிறதே. ஐந்து இடத்தில். திருத்திவிடட்டுமா?"

வேண்டாம் ஐயா, அப்படியே இருக்கட்டும் என்றேன்.